இருநூறு முட்டு

ஜானிஸ் அப்பாவின் தாடைக்குக் கீழே சவரக் கத்தியை வைத்த நொடியில், அவர் தலை தலையணையிலிருந்து விருட்டென்று எழும்பியது. அவள் கத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவர் நெற்றி முன்னுக்குப் போய், அந்தரத்தில் எதையோ முட்டித் தள்ளிவிட்டு, மறுபடி தலையணையில் விழுந்தது. கண் மூடியபடியே இருந்தது. கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே நின்றது.

காலையிலிருந்து இதுதான். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை. கடைசி நேரத்தில் தசைகள் இப்படி வெட்டி இழுப்பது வழக்கம்தான் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஜன்னலோரம் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த அம்மா ஹில்டா மட்டும், "கார்னர் அடிக்கிறாங்க போல" என்றாள். சிரிப்பதற்காகச் சொன்ன மாதிரி இல்லை.

ஜானிஸ் அடுத்த முட்டு வரும்வரை காத்திருந்தாள். வந்து போனதும், கிடைத்த இடைவெளியில் மடமடவென்று இடது கன்னத்தை முடித்தாள். அப்பா ஒருநாளும் சவரம் செய்யாமல் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. ஹார்ஸ்டோன் டவுன் கால்பந்து அணி மூன்று பக்கம் சேறும் ஒரு பக்கம் தண்ணீருமாகக் கிடந்த மைதானங்களில் ஆடப் போன காலத்திலும் அப்படித்தான்.

வில்ஃப் தாக்ரேக்கு எழுபத்தாறு வயது. பதினான்கு ஆட்டப் பருவம் நாலாம் பிரிவுக் கிளப்புகளில் நடுத் தடுப்பாட்டக்காரராக நின்றவர். அவர் பெயர் லண்டன் பத்திரிகையில் ஒரே ஒருமுறை வந்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு. ஆனால் இந்த ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய எவனைக் கேட்டாலும், மழையில் ஊறி மாவு மூட்டை மாதிரி கனத்துப்போன தோல் பந்து வானத்திலிருந்து இறங்கும்போது மற்றவர்கள் எல்லாம் ஒதுங்க, வில்ஃப் மட்டும் அதற்கு அடியில் போய் நிற்பார் என்று சொல்வான். புருவம் கிழிந்தால் இடைவேளையில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வருவார். முட்டி தேய்ந்து ஆட முடியாமல் போனபிறகும் அவர் கிளப்பை விட்டுப் போகவில்லை. முதலில் அடிபட்டவர்களைத் தேற்ற வாளியும் பஞ்சும் தூக்கினார். அப்புறம் இரண்டாம் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். ஒரு பதினொரு மாதம் மேனேஜராகக்கூட இருந்தார். கிளப் தலைவர் போனிலேயே வேலையை விட்டுத் தூக்கினார். அடுத்த திங்கட்கிழமை புது மேனேஜர் வந்து பார்த்தபோது, வில்ஃப் உடுப்பு அறையில் சட்டைகளை எண் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தார். போகச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அதற்கப்புறம் இருபது வருடம் இளையோர் அணி அவர் கையில்.

நினைவு தப்பிப்போய் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. அதற்கு முன் இரண்டு வருடம் வீட்டில் ஹில்டாவே பார்த்துக்கொண்டாள். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத இரண்டு வருடம் அது.

தம்பி க்ளென் இன்னும் வந்து சேரவில்லை. பதினோரு மணிக்கு போன் செய்து, மேட்டுச் சாலையில் மூடுபனி, போலீஸ்காரர்கள் வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள், சுற்றி வருகிறேன் என்றான். ஜானிஸும் அதே சாலையில்தான் ஒன்பது மணிக்கு வந்தாள். பனி இருந்தது, ஆனால் சாலை திறந்தேதான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குச் சமையல்காரப் பெண் தேநீர் கொண்டுவந்தபோது ஜானிஸ் பேச்சோடு பேச்சாக விசாரித்தாள். அந்தப் பெண்ணும் அந்தப் பக்கத்திலிருந்துதான் அப்போது வந்திருந்தாள். சாலையை யாரும் மூடவே இல்லை என்றாள்.

ஜானிஸ் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். சர்க்கரை போடாத தேநீரை, வெகுநேரம்.

க்ளென் ஒரு மணிக்கு வந்தான். ஆறடி இரண்டங்குலம். அப்பாவின் தோள், அப்பாவின் புருவத் தழும்பு. ஐம்பது வயதிலும் கதவு நிலையில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. கட்டிலருகே நின்று அப்பாவின் காலைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டான்.

"எப்பலேருந்து இப்படி?"

அதிகாலை நாலு மணியிலிருந்து என்று ஜானிஸ் சொன்னாள். மூச்சு மாறியது, டாக்டர் வந்து பார்த்தது, ஊசி போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சாலையைப் பற்றி இரண்டு வார்த்தை திட்டினான். கட்டிலில் அப்பாவின் தலை எழும்பி, முட்டி, விழுந்தது. க்ளென் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி, "எப்பலேருந்து இப்படி?" என்றான்.

ஜானிஸ் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நாலு மணியிலேருந்துப்பா. டாக்டர் வந்து பார்த்துட்டார். ஊசி போட்டிருக்கு, வலி இல்லை."

அவ்வளவுதான். ஆனால் ஜானிஸின் கை கழுத்துத் துண்டை மடிக்காமல் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அவசரமே இல்லாமல், முதல் தடவை சொல்வது போல, ஒரு துளி சலிப்பும் காட்டாமல் பேசும் அந்தக் குரலை அம்மா தன் புருஷனுக்காக ஆறு வருடம் பழகி வைத்திருந்தாள். வேறு யாரிடமும் அவள் அதில் பேசி ஜானிஸ் கேட்டதில்லை.

இரண்டு மணிவாக்கில் பெர்னார்ட் க்ளெக் வந்தார். வில்ஃபோடு ஒன்பது பருவம் ஆடிய கோல்கீப்பர். ஜானிஸும் க்ளென்னும் சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டுப் பழகியவர். எண்பதை நெருங்குகிறார். கைத்தடி வைத்திருந்தாலும் வாய் மட்டும் அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. வில்ஃபின் நெற்றியில் கை வைத்து, "டேய், இந்த ஒரு பந்தையாவது எனக்கு விட்டுட்டுப் போடா" என்றார். பிறகு ஹில்டாவின் தோளைத் தட்டிவிட்டு, ஜானிஸைக் கண்ணாலேயே வெளியே கூப்பிட்டார்.

நடைபாதையில், பக்கத்து அறைக் கிழவரின் ரேடியோ சனிக்கிழமை ஆட்டங்களுக்கான அணிகளை வாசித்துக்கொண்டிருந்தது. பெர்னார்ட் சுவரில் சாய்ந்துகொண்டு, தன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு படிவத்தை எடுத்தார்.

பல்கலைக்கழகத்தில் சில மருத்துவர்கள் பழைய ஆட்டக்காரர்களின் மூளையைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். செத்தபிறகுதான் அந்தச் சோதனையைச் செய்ய முடியும். குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு, காலதாமதம் இல்லாமல் சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்டு உடம்பை மறுபடி ஒப்படைத்துவிடுவார்கள். வெளியே எதுவும் தெரியாது. தகவலை இப்படிச் சொல்லிவிட்டு, அவர் படிவத்தை அவளிடம் நீட்டினார்.

"அறுபத்தேழுல எடுத்த அந்தக் கோப்பை ஆட்டத்துப் போட்டோ உங்க வீட்டுக் கூடத்துல இருக்கே. எனக்கு முன்னால வரிசையா நிக்கிறானுங்க பாரு, தடுப்பாட்டக்காரனுங்க நாலு பேர். உங்கப்பன் நாலாவது. மத்த மூணு பேரும் எப்படிப் போனானுங்கன்னு தெரியுமா பொண்ணே? ஒருத்தனுக்குக் கடைசியில தன் பொண்டாட்டியையே அடையாளம் தெரியல. ஒருத்தன் நடுரோட்டுல பைஜாமாவோட நின்னான். நான் மட்டும் நேத்து என்ன சாப்பிட்டேன்னுகூடச் சொல்றேன். ஏன்?" தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். விரல்கள் எல்லாத் திசையிலும் கோணிப்போயிருந்தன. "நான் கையால பிடிச்சேன். அவனுங்க தலையால பிடிச்சானுங்க."

ஜானிஸ் படிவத்தை வாங்கிக்கொண்டாள். அவளுடைய கண் திறந்திருந்த கதவு வழியே உள்ளே போனது. க்ளென் எழுந்து நின்று, கட்டிலில் எழும்பி விழும் தலைக்குப் பின்னால் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தான்.

கிளப் மைதானத்தில் கேலரிக்குக் கீழே, கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட அறை உண்டு. அங்கே உத்தரத்திலிருந்து கயிற்றில் ஒரு பந்தைத் தொங்கவிட்டிருப்பார் அப்பா. இளையோர் அணியில் ஒவ்வொருவனும் நூறு முட்டு முட்டாமல் வீட்டுக்குப் போக முடியாது. தடுப்பாட்டக்காரனுக்குத் தலை என்பது தச்சனுக்குச் சுத்தியல் மாதிரி என்பது அவருடைய வாக்கு. க்ளென் பதினாறு வயதில் அணிக்கு வந்தபோது அவனுக்கு மட்டும் கணக்கு இருநூறு. பெற்ற பிள்ளை என்பதால் சலுகை காட்டுகிறான் என்று ஒரு பயல் வாயைத் திறக்கக் கூடாது என்றார். மற்றவர்கள் கிளம்பியபிறகு க்ளென் தனியாக நின்று மிச்சம் நூறை முட்டுவான். வீட்டுக்கு வந்து, விளக்கைப் போடாதே என்று சொல்லிவிட்டுச் சோபாவில் படுத்துக்கொள்வான். அந்தப் பயிற்சி பலித்தது. ஒன்பது பருவம் அப்பா நின்ற அதே இடத்தில் நின்றான். அதற்கப்புறமும் சின்னச் சின்னக் கிளப்புகளில் முப்பத்தெட்டு வயதுவரை ஆடினான்.

ஜானிஸுக்கும் ஆடத் தெரியும். தெருவில் பையன்களோடு சேர்ந்து ஆடியிருக்கிறாள். ஆனால் அப்பா அவளை நோக்கி ஒரு பந்தைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்பார். நாற்பது வருடமாக அது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இப்போது இந்த நடைபாதையில், அந்த முள் இருந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. அதற்குப் பெயர் வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

க்ளென் போன வருடம் வேலையை விட்டான். சமையலறைகளுக்கு அலமாரி பொருத்தும் வேலை. கூட்டாளி ஏமாற்றுக்காரன் என்றான். க்ளென்தான் பலகைகளைத் தப்புத் தப்பாக அளந்து வெட்டுகிறான், இரண்டு வீட்டில் திரும்பச் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று என்று அந்தக் கூட்டாளி ஜானிஸிடம் சந்தையில் சொன்னபோது, அவள் அவனோடு சண்டைக்குப் போனாள். அதற்கும் முந்தின வருடம் க்ளென்னின் மனைவி பிரிந்து போனாள். அவன் இப்போதெல்லாம் வேறு ஆள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் அவள் மேல்தான் பழி போட்டார்கள்.

"மாமா," என்றாள் ஜானிஸ். "க்ளென்..."

பெர்னார்ட் கைத்தடியை மாற்றிப் பிடித்தார். "நான் உங்கப்பனுக்காகத்தான் வந்தேன் பொண்ணே" என்றார்.

மூன்று மணிக்கு நாடு முழுக்க ஆட்டங்கள் தொடங்கின. பக்கத்து அறை ரேடியோவில் கூட்டத்தின் இரைச்சல் அலை அலையாக வந்தது. மூன்று இருபதுக்கு வில்ஃபின் தலை கடைசியாக எழும்பியது. முழுதாக எழும்பவில்லை. தாடை மட்டும் மேலே போய், யோசிப்பது போல நின்று, இறங்கியது. அடுத்த மூச்சுக்காக நாலு பேரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. ஹில்டா எழுந்து வந்து, அவர் தலைமுடியை வலது பக்கம் வகிடெடுத்துச் சீவிவிட்டாள். க்ளென் சத்தமில்லாமல் அழுதான். பெர்னார்ட் போய்ப் பக்கத்து அறை ரேடியோவை அணைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

நர்ஸ் வந்து பார்த்து, நேரம் குறித்துக்கொண்டு போனபிறகு, ஜானிஸ் படிவத்தை எடுத்தாள். தள்ளிப்போட முடியாத காரியம். மனைவி இருக்கும்போது மனைவியின் கையெழுத்துதான் செல்லும். விஷயத்தை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

"வேண்டாம்" என்றாள் ஹில்டா.

ஜானிஸ் மறுபடி விளக்கப் பார்த்தாள். ஆடுகிற பிள்ளைகளுக்கு உதவும், நாளைக்கு விதிகளை மாற்றுவார்கள் என்றெல்லாம் சொன்னாள். ஹில்டா கேட்டுக்கொண்டாள்.

"அவர் தலையை இதுவரைக்கும் ஊரே எடுத்துக்கிட்டாச்சு. போதும், என்கிட்டக் குடுங்க."

"தெரிஞ்சுக்கலாம்மா. எதனால வந்துதுன்னு."

"தெரிஞ்சு?" ஹில்டா மகளை நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு விடைத்திருந்தது. "தெரிஞ்சு என்ன பண்ணப்போறே நீ? அவர் செஞ்சது என்னன்னு ஒரு காகிதத்துல எழுதி வாங்கிட்டு, அதை எங்கே கொண்டுபோய் மாட்டப்போறே? அவர் ஆசையா செஞ்சார் ஜானிஸ். தன்கிட்ட இருந்த நல்லதைத்தான் குடுத்தார்."

யாருக்குக் கொடுத்தார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லும்போது கண் யார் பக்கமும் போகாமல் பார்த்துக்கொண்டாள். ஜானிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்குத் தெரியும். இன்றைக்கோ நேற்றோ தெரிந்ததில்லை. தனக்கு முன்னால், க்ளென்னின் மனைவிக்கும் முன்னால், எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும். ஒருமுறை பாடம் படித்தவள், இரண்டாம் தடவை முதல் பக்கத்திலேயே கண்டுகொண்டிருக்கிறாள்.

வெளியே தேநீர் வண்டி உருண்டு போகும் சத்தம் கேட்டது.

"குடுத்துடலாம்மா" என்றான் க்ளென்.

அவன் அப்பாவின் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தான். முழங்கையை முட்டியில் ஊன்றி, உடைமாற்றும் அறையில் உட்காருவது போல.

"எனக்குத் தெரியணும்."

ஹில்டா அவனையே பார்த்தாள். அவனும் முகத்தைத் திருப்பவில்லை. அவன் கண்ணில் அந்த நேரத்தில் மறதியும் இல்லை, மழுப்பலும் இல்லை. முழுக்க விழித்துக்கொண்டு, தனக்கு மேலே இறங்கி வருவது எது என்று அண்ணாந்து பார்க்கிற ஒருவனின் கண்.

ஹில்டா கையை நீட்டினாள். பெர்னார்ட் தன் பேனாவைக் கொடுத்தார். அவள் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டாள்.

இறுதிச் சடங்கு பதினோரு நாள் கழித்து நடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. தகன மண்டபத்தில் உட்கார இடமில்லாமல் பின்சுவர் ஓரமாக ஆட்கள் நின்றார்கள். தொப்பை விழுந்து முடி கொட்டிப்போன, வில்ஃபின் இளையோர் அணிப் பையன்கள். பெட்டியின் மேல் கிளப்பின் நீலத் துண்டு. பழைய அணியில் மிஞ்சியவர்களுக்கு முன்வரிசை ஒதுக்கியிருந்தார்கள். பெர்னார்ட் ஒருவர்தான் அதில் உட்கார்ந்திருந்தார்.

பேசுவது க்ளென் என்று ஏற்பாடு. ஜானிஸ் தான் பேசுகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். மூத்தவள் நீயாக இருந்தாலும் அப்பாவோடு ஆடியவன் நான் என்று அவன் விடவில்லை. தாளில் எழுதிக்கொண்டுதான் வந்திருந்தான். ஆனால் தாளைப் பார்க்காமலே, நிமிர்ந்து நின்று, கோப்பை ஆட்டத்துக் கதையைச் சொன்னான். முதல் பிரிவுப் பெரிய அணி ஒன்று ஹார்ஸ்டோனுக்கு வந்த நாள். இருபதாவது நிமிடத்தில் அப்பா பந்தை முட்டப் போய் எதிரியின் தலையோடு மோதி, கட்டை மாதிரி விழுந்தார். முகத்தில் வாளித் தண்ணீர். எழுந்தார், ஆடினார். அவர்களின் பெரிய கோல்காரனை ஒரு அங்குலம் நகரவிடவில்லை. ஒன்றுக்கு ஒன்று, சமன். ஊரே மைதானத்துக்குள் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கியது. அப்புறம் குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, அப்பா பெர்னார்ட் மாமாவிடம் கேட்டாராம்: "ஆட்டம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறாங்க?"

மண்டபம் வாய்விட்டுச் சிரித்தது. எல்லாருக்கும் தெரிந்த கதைதான். நாற்பது வருடமாக எல்லாக் கல்யாணத்திலும் அதற்குச் சிரித்திருக்கிறார்கள். பெர்னார்ட் மட்டும் சிரிக்கவில்லை.

க்ளென் சிரிப்பு அடங்கக் காத்திருந்தான். தாளைப் புரட்டினான். தண்ணீர் ஒரு மிடறு குடித்தான். பிறகு நிமிர்ந்து, "முதல் பிரிவுப் பெரிய அணி ஒண்ணு ஹார்ஸ்டோனுக்கு வந்துது" என்று ஆரம்பித்தான்.

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வேண்டுமென்று செய்கிறான் என்று நினைத்திருப்பார்கள். அவன் தொடர்ந்தான். இருபதாவது நிமிடம். கட்டை மாதிரி விழுந்தார். முகத்தில் வாளித் தண்ணீர். அதே வார்த்தைகள், அதே இடத்தில் நிறுத்தம், அதே கையசைவு. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரோ இருமினார்கள். மழை கூரையில் விழும் ஓசை திடீரென்று கேட்கத் தொடங்கியது. ஜானிஸ் எழுந்திருக்கப் பார்த்தாள்.

எழுந்தது ஹில்டாதான். நிதானமாக நடந்து போய், கதை குளியல் தொட்டிக்கு வருவதற்குள் மகனின் முழங்கையைப் பற்றினாள்.

"நல்லா சொன்னேப்பா. அப்பாவுக்குப் பிடிச்சிருக்கும். வா, வந்து உக்காரு."

அவன் ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தான், பிறகு தாளைப் பார்த்தான். எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் அவளோடு நடந்தான்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தார்கள். ஆட்கள் க்ளென்னின் கையைக் குலுக்கினார்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம். கிளப்பில் தேநீரும் சாண்ட்விச்சும் தயாராக இருந்தன. காலையில் அம்மாவைத் தன் காரில் ஏற்றி வந்தவன் க்ளென். காருக்குப் பக்கத்தில் போய்ச் சாவியைக் கையில் எடுத்தான்.

ஹில்டா கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை நீட்டினாள். "இன்னைக்கு ஜானிஸ் ஓட்டட்டும்."

அவன் ஏன் என்று கேட்பான் என்று ஜானிஸ் எதிர்பார்த்தாள். கேட்கவேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். அவன் கேட்கவில்லை. சாவியை அம்மாவின் கையில் வைத்துவிட்டு, மறுபக்கம் சுற்றிப் போய் முன் இருக்கையில் உட்கார்ந்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

ஜானிஸ் இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். ஹில்டா மழையில் நனைந்தபடி மகன் பக்கத்துக் கதவருகே குனிந்தாள். சீட் பெல்ட்டை இழுத்து, அவன் அகன்ற மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, தடவித் தேடி மாட்டினாள். ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அவன் கோட்டின் ஓரம் வெளியே தொங்கியது, அதை எடுத்து உள்ளே சுருட்டி வைத்தாள். கதவைச் சாத்தினாள். பிறகு, அது நன்றாகப் பூட்டிக்கொண்டதா என்று வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள்.